எதில் எவ்வளவு? வணிகக் கணிதத்தை முதன்முதலாகப் படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் ஒருவர் ‘ரெண்டு வட்டிக்கு வாங்கினேன்’ என்றால், ஆண்டுக்கு இரண்டு சதவீதம் என்று யாரும் நினைப்பதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் அதே வீட்டுப் பிள்ளை பி.காம். முதலாண்டுத் தேர்வு எழுதும்போது, வினாவில் ‘மாதம் நூற்றுக்கு 2 ரூபாய்’ என்று தெளிவாக இருந்தும், ஆண்டு வீதம் 2 என்று சூத்திரத்தில் போட்டுவிடுகிறது. சூத்திரம் சரி, பெருக்கல் சரி. விடை மட்டும் பன்னிரண்டில் ஒரு பங்காக வந்து நிற்கும்.

இந்தப் பாடத்தில் நடக்கும் தப்புகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். கூட்டல் பெருக்கலில் தடுக்கி விழுபவர்கள் குறைவு. ஓர் எண் எதில் எவ்வளவு, எதற்கு எவ்வளவு என்று பார்க்காமல் எடுத்துப் போடுபவர்கள் அதிகம். ஆகவே எந்த எண்ணை எழுதினாலும் அதன் பக்கத்தில் அலகையும் எழுதும் பழக்கத்தை முதல் நாளிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். வெறும் ‘2’ என்று எழுதாதீர்கள். ‘100 ரூபாய்க்கு, 1 மாதத்துக்கு, 2 ரூபாய்’ என்று எழுதுங்கள். கீழே வரும் ஒவ்வொரு பகுதியிலும் இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கப்போகிறது.

என்னென்ன வரும், எந்த வரிசையில் படிப்பது

வணிகம், நிர்வாகம், பொருளியல், சமூகவியல் படிப்பவர்களுக்கென்று, வகையிடல் தொகையிடல் இல்லாமல் எண்ணி முடிக்கக்கூடியவற்றை மட்டும் வைத்துக் கட்டிய கணிதம் இது. 1950-களில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் இப்படி ஒரு பாடமாக உருவெடுத்து, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. முடிவுறு கணிதம் என்று அதைச் சொல்லலாம். நம் கல்லூரிகளில் இதன் பெரும்பகுதி ‘வணிகக் கணிதம்’ என்ற தாளிலேயே வந்துவிடுகிறது. அந்தத் தாளில் கொஞ்சம் வகையிடலும் கலந்திருக்கும். அதை இங்கே தொடவில்லை.

பாடநூல் எந்த அத்தியாயத்தில் தொடங்கினாலும், தனியாகப் படிப்பவர்கள் இந்த வரிசையில் போவது நல்லது: முதலில் வட்டியும் தவணையும், பிறகு சமன்பாடும் அணியும் (மேட்ரிக்ஸ்), அடுத்து நேரியல் திட்டமிடல், கணங்கள், எண்ணும் முறைகள், நிகழ்தகவு, கடைசியில் மார்க்கோவ் சங்கிலி. வட்டியை முதலில் வைப்பதற்குக் காரணம், அது வீட்டிலேயே காதில் விழுந்த கணக்கு. மார்க்கோவைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அதற்கு அணியும் நிகழ்தகவும் இரண்டும் வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: கட்டம் போட்ட நோட்டு, வரைபடத் தாள், அளவுகோல், அடுக்குக் கணக்குப் போடக்கூடிய ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர். தலையில் இருக்க வேண்டியவை: பின்னம், சதவீதம், ஒரு நேர்கோட்டுச் சமன்பாட்டை வரையத் தெரிவது. இந்த மூன்றில் எது ஆட்டம் காண்கிறதோ அதற்கு ஒரு வாரம் கொடுத்துவிட்டு மேலே போங்கள்.

பின்னத்தைப் பற்றி ஒரு சொல். பழைய ஓலைக் கணக்கில் மாகாணி என்றால் 1/16, காணி 1/80, முந்திரி 1/320. அவ்வளவு சின்னப் பங்கையும் பின்னமாகவே வைத்து இந்த மண்ணில் கணக்குப் பார்த்தார்கள். நீங்களும் 1/3 வந்தால் 1/3 என்றே கடைசி வரிவரை கொண்டுபோங்கள். பாதியில் 0.33 ஆக்கினால், கழிந்து பூச்சியமாக வேண்டிய இடத்தில் 0.01 என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப் பிறகு அந்தக் கணக்கு நேராகாது.

வட்டி: மூன்று கேள்விகள்

நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் நடந்த காலத்தில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாக உயர்வதற்குள் வட்டிக் கணக்கு அவனுக்கு மனப்பாடமாகியிருக்கும். அந்தக் கணக்கையேதான் நீங்களும் போடப்போகிறீர்கள். கால்குலேட்டர் மட்டும் கூடுதல். எந்த வட்டி வினா வந்தாலும் பேனாவை எடுத்ததும் மூன்று கேள்விக்கு விடை எழுதுங்கள். வீதம் எந்தக் காலத்துக்கு? கடன் காலம் எந்த அலகில்? வட்டி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேர்கிறது?

தனிவட்டியில் மூன்றாவது கேள்வி கிடையாது. 50,000 ரூபாய், ஒன்றரை வட்டி, 8 மாதம் என்றால், வீதம் மாதத்துக்கு 1.5 சதவீதம், காலமும் மாதத்தில். இரண்டும் பொருந்துகின்றன. 50,000 × 0.015 × 8 = 6,000 ரூபாய். இதே வினாவில் ‘காலத்தை ஆண்டாக்க வேண்டும்’ என்று பழக்கதோஷத்தில் 8/12 போட்டால் 500 ரூபாய் வரும். ஐம்பதாயிரத்துக்கு எட்டு மாதத்தில் ஐந்நூறு ரூபாய்தான் வட்டி என்றால் கடன் கொடுத்தவர் என்ன சொல்வார் என்று ஒரு நொடி யோசித்தாலே தப்பு தெரிந்துவிடும்.

கூட்டுவட்டியில் மூன்றாவது கேள்வி முக்கியம். ஆண்டுக்கு 12 சதவீதம், மாதந்தோறும் கூட்டப்படுகிறது என்றால், ஒரு மாதத்துக்கு 1 சதவீதம், மொத்தம் 12 முறை. 1 லட்சம் ரூபாய் ஓராண்டில் 1,00,000 × (1.01)¹² = 1,12,682.50 ஆகும். பெயருக்கு 12 சதவீதம், நடைமுறையில் 12.68. ‘ரெண்டு வட்டி’யை மாதாமாதம் அசலோடு சேர்த்துக்கொண்டே போனால் 24 அல்ல, ஆண்டுக்கு 26.82 சதவீதம். இந்த நடைமுறை வீதத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வினா தேர்வில் வராவிட்டாலும் நீங்கள் கண்டுபிடித்துப் பாருங்கள். இரண்டு கடனில் எது மலிவு என்று ஒப்பிட அதுதான் ஒரே நியாயமான அளவுகோல்.

அடுத்தது மாதத் தவணை. 1 லட்சம் கடன், ஆண்டுக்கு 12 சதவீதம், 12 மாதத்தில் அடைக்க வேண்டும். தவணையைக் காணும் படிகள்:

1. மாத வீதம்: 12 ÷ 12 = 1 சதவீதம், அதாவது 0.01.
2. (1.01)¹² = 1.126825. இதைத் தலைகீழாக்கினால் 0.887449.
3. 1 − 0.887449 = 0.112551.
4. கடன் × மாத வீதம் = 1,000. இதை மூன்றாம் படியின் எண்ணால், சுருக்காமல் கால்குலேட்டரில் இருப்பதை அப்படியே வைத்து, வகுத்தால் 8,884.88 ரூபாய்.

இத்தோடு நிறுத்தாமல் முதல் மூன்று மாதத்துக்குப் பேரேடு போல ஒரு பட்டியல் போடுங்கள். முதல் மாதம்: பாக்கி 1,00,000-க்கு வட்டி 1,000, தவணையில் மிச்சம் 7,884.88 அசலுக்குப் போகிறது, பாக்கி 92,115.12. இரண்டாம் மாதம்: வட்டி 921.15, அசலுக்கு 7,963.73, பாக்கி 84,151.39. மூன்றாம் மாதம்: வட்டி 841.51, அசலுக்கு 8,043.37, பாக்கி 76,108.02. தவணை மாறாமல் இருக்க, வட்டி தேய்ந்துகொண்டும் அசல் அடைபடுவது வளர்ந்துகொண்டும் போவது கண்ணுக்குத் தெரிகிறதா? இந்தப் பட்டியலைக் கையால் ஒருமுறை போட்டவர்களுக்குச் சூத்திரம் மறந்தாலும் கணக்கு மறக்காது.

இதை வைத்தே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். கடையில் ‘12 சதவீதம் பிளாட்’ என்று சொல்லி, 1 லட்சத்துக்கு ஓராண்டு வட்டி 12,000-ஐ முதலிலேயே சேர்த்து, 1,12,000-ஐ 12-ஆல் வகுத்து மாதம் 9,333.33 கட்டச் சொல்வார்கள். பாக்கி மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறையும் பாக்கிக்கு வட்டி போடும் முறையில் 9,333.33 தவணை வர வேண்டுமானால் மாத வீதம் ஏறக்குறைய 1.79 சதவீதமாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல். ‘12 சதவீதம்’ என்ற எண் ‘எதில் 12’ என்று கேட்காதவர்களிடம் இப்படித்தான் கூடுதல் பணத்தைப் பிடுங்குகிறது. வீட்டில் யாராவது வண்டிக் கடனோ நகைக் கடனோ வாங்கப் போனால், இந்தக் கணக்கை அவர்கள் எதிரே உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள்.

சேமிப்புத் தவணையில் வேறொரு வழுக்கல் உண்டு. மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 6 சதவீதம், மாதந்தோறும் கூட்டல், 12 மாதம். பணத்தை மாதக் கடைசியில் கட்டினால் முடிவில் 12,335.56, மாதத் தொடக்கத்தில் கட்டினால் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு மாத வட்டி கூடுதல், ஆகவே 12,397.24. வினாவில் ‘தொடக்கத்தில்’, ‘இறுதியில்’ என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள்.

கால்குலேட்டரில் மாத வீதத்தை ஒருபோதும் சுருக்காதீர்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் மாதத்துக்கு 0.8333… சதவீதம். அதை 0.8 என்று வெட்டி 5 லட்சத்துக்கு 60 மாதத் தவணை போட்டால் 10,623.52 வர வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 10,525 வரும். மாதம் 98 ரூபாய் வித்தியாசம். இயந்திரத்தின் நினைவகத்தில் முழு எண்ணையும் வைத்து, கடைசி விடையை மட்டும் பைசாவுக்குச் சுருக்குங்கள்.

சொல்லைச் சமன்பாடாக்குவது

இந்தப் பலகாரக் கணக்கைப் பாருங்கள். ஒரு கடையில் கைமுறுக்கு, அதிரசம், தேன்குழல் மூன்றும் சேர்த்து 60 பொட்டலம் விற்றது. விலை முறையே 40, 50, 30 ரூபாய். மொத்த வரவு 2,200. முறுக்குப் பொட்டலம் அதிரசப் பொட்டலத்தைப் போல் இரு மடங்கு. ஒவ்வொன்றும் எத்தனை?

முதல் வரியில் எழுத்துக்குப் பெயர் வைக்க வேண்டும். ‘மு = முறுக்கு’ என்று எழுதுவது தப்பு. ‘மு = விற்ற முறுக்குப் பொட்டலங்களின் எண்ணிக்கை’ என்று எழுத வேண்டும். இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ‘மு’ என்பது முறுக்கு என்ற பொருளையே குறிப்பதாக மனசுக்குள் வைத்திருப்பவர்கள், ‘முறுக்கு இரு மடங்கு’ என்று படித்ததும் 2மு = அ என்று எழுதுகிறார்கள். எண்ணிக்கை என்று நினைத்தால் முறுக்கு எண்ணிக்கை பெரியது, சின்ன எண்ணை இரண்டால் பெருக்கினால்தான் பெரிய எண் வரும், ஆகவே மு = 2அ என்று சரியாக வரும்.

தலைகீழாக எழுதினால் என்ன ஆகும்? முறுக்கு 8, அதிரசம் 16, தேன்குழல் 36 என்று விடை வரும். கூட்டினால் 60. பணமும் 320 + 800 + 1,080 = 2,200. எல்லாம் முழு எண், எல்லாம் பொருந்துகிறது, ஆனால் தப்பு. கூட்டிப் பார்த்துச் சரிபார்ப்பது இங்கே காப்பாற்றாது. விடையை வினாவின் ஒவ்வொரு வாக்கியத்தோடும் வைத்துப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதிய சமன்பாட்டோடு வைத்துப் பார்த்தால் போதாது.

சரியான சமன்பாடுகள்: மு + அ + தே = 60, 40மு + 50அ + 30தே = 2,200, மு − 2அ = 0. இவற்றை மு, அ, தே என்ற வரிசையில் அடுக்கி, இரண்டாவதை 10-ஆல் சுருக்கினால் விரிவுபடுத்தப்பட்ட அணி இது:

1  1  1 | 60
4  5  3 | 220
1  −2  0 | 0

நிரை என்பது கிடைவரிசை, நிரல் என்பது நெடுவரிசை. இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் 4 மடங்கைக் கழியுங்கள்: 0, 1, −1 | −20. மூன்றாம் நிரையிலிருந்து முதல் நிரையைக் கழியுங்கள்: 0, −3, −1 | −60. இப்போது மூன்றாவதோடு இரண்டாவதன் 3 மடங்கைக் கூட்டுங்கள்: 0, 0, −4 | −120. ஆகவே தேன்குழல் 30. மேலே ஏறினால் அதிரசம் 10, முறுக்கு 20. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் எந்த நிரையை என்ன செய்தீர்கள் என்று குறித்துக்கொண்டே போங்கள். தப்பு நேர்ந்தால் திரும்பிப் பார்க்க அதுதான் வழி. கோட்டுக்கு வலப்பக்கம் உள்ள எண்ணை மாற்ற மறப்பதும், எதிர்மறை எண்ணைக் கழிக்கும்போது குறியைத் தவறவிடுவதும்தான் இங்கே வழக்கமாக நடப்பவை.

முடிவில் ஒரு நிரை முழுக்கப் பூச்சியமாகி வலப்பக்கமும் பூச்சியமானால் எண்ணற்ற தீர்வுகள். இடப்பக்கம் பூச்சியமாகி வலப்பக்கம் வேறு எண் நின்றால் தீர்வே இல்லை. பயந்து அழித்துவிடாதீர்கள், அதுவும் விடைதான்.

அணிப் பெருக்கலுக்கு ஓரத்தில் பெயர் எழுதும் பழக்கம் ஒன்று போதும். நிரைகளில் கடைகள், நிரல்களில் பண்டங்கள் என்று ஓர் அணி இருந்தால், அதைப் பெருக்கும் அணியின் நிரைகளில் அதே பண்டங்கள் அதே வரிசையில் இருக்க வேண்டும். பண்டம் பண்டத்தோடு சேர்ந்து மறைந்து, கடை × விலை மிஞ்சும். வரிசை எண்கள் பொருந்தினாலும் பெயர்கள் பொருந்தாவிட்டால் அந்தப் பெருக்கலுக்குப் பொருள் இல்லை.

நேரியல் திட்டமிடல்: அடுப்பும் மாவும்

வணிக மாணவர்களுக்கு இந்தத் தாளிலேயே அதிகம் பயன்படும் பகுதி இதுதான். அவசரப்படாமல் படியுங்கள்.

தேன்குழலும் அதிரசமும் போடும் ஒரு சின்னப் பலகாரக் கடை என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக எண்களை எளிதாக வைக்கிறோம். தேன்குழல் 1 கிலோவுக்கு அரிசி மாவு 600 கிராம், அடுப்பில் 20 நிமிடம். அதிரசம் 1 கிலோவுக்கு மாவு 500 கிராம், அடுப்பில் 30 நிமிடம். கையில் மாவு 30 கிலோ. இரண்டு அடுப்பு, தலா 10 மணி நேரம். லாபம் தேன்குழலில் கிலோவுக்கு 80 ரூபாய், அதிரசத்தில் 100 ரூபாய். எவ்வளவு எதைப் போட்டால் லாபம் அதிகம்?

தே, அ இரண்டையும் கிலோவில் வையுங்கள். மாவு: 600தே + 500அ ≤ 30,000 கிராம், சுருக்கினால் 6தே + 5அ ≤ 300. அடுப்பு: 20தே + 30அ ≤ 1,200 நிமிடம், சுருக்கினால் 2தே + 3அ ≤ 120. இங்கே வலப்பக்கம் 20 மணி என்று அப்படியே எழுதிவிட்டால், நாள் முழுக்க இரண்டு அடுப்பு எரித்து ஒரு கிலோ தேன்குழல்தான் போட முடியும் என்று விடை வரும். இரண்டு பக்கமும் ஒரே அலகில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுருக்க வேண்டும். கடைசியாக தே ≥ 0, அ ≥ 0. இதை எழுதாமல் விட்டால் மதிப்பெண் போகும்.

சமனின்மைக் குறியில் தமிழே ஒரு பொறி வைத்திருக்கிறது. ‘குறைந்தது 10 கிலோ’ என்ற சொல்லில் ‘குறை’ இருப்பதால் கை தானாக ≤ போடும். அதன் பொருள் 10 அல்லது அதற்கு மேல், குறி ≥. ‘10-க்குக் குறையாமல்’ என்றாலும் ≥ தான். ‘10-க்கு மிகாமல்’, ‘அதிகபட்சம் 10’ இரண்டும் ≤. குழப்பம் வந்தால் 11-ஐ வைத்துப் பாருங்கள். 11 கிலோ போட்டால் கேட்டவர் ஒப்புக்கொள்வாரா? ஒப்புக்கொண்டால் ≥.

வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 10 கிலோ என்று அளவு வையுங்கள். மாவுக் கோடு (50, 0), (0, 60) வழியே போகும். அடுப்புக் கோடு (60, 0), (0, 40) வழியே போகும். எந்தப் பக்கம் நிழலிடுவது என்பதற்கு (0, 0)-ஐப் போட்டுப் பாருங்கள். 0 ≤ 300 உண்மை, ஆகவே ஆதி இருக்கும் பக்கம். இரண்டு கோட்டுக்கும் கீழே சேர்ந்து கிடைக்கும் நாற்கரம்தான் ஏற்புடைய பகுதி. மூலைகள் நான்கு: (0, 0), (50, 0), (0, 40), பிறகு கோடுகள் வெட்டும் இடம். இந்த நான்காவதை வரைபடத்தில் பார்த்து 37 என்றோ 38 என்றோ எழுதாதீர்கள். சமன்பாட்டைத் தீர்த்து எடுங்கள்: 6தே + 9அ = 360-லிருந்து 6தே + 5அ = 300-ஐக் கழித்தால் 4அ = 60, அ = 15, தே = 37.5.

மூலைகளில் லாபம் 0, 4,000, 4,000, 4,500. ஆகவே தேன்குழல் 37.5 கிலோ, அதிரசம் 15 கிலோ. கிலோ என்பதால் அரைக்கும் பொருள் உண்டு. நாற்காலி, சேலை என்று இருந்தால் 37.5-ஐ அப்படியே விடையாக எழுத முடியாது. அருகிலுள்ள முழு எண்ணுக்கு நகர்த்தினாலும் கட்டுப்பாட்டை மீறுகிறதா என்று பார்க்க வேண்டும். (60, 0)-வையும் (0, 60)-வையும் மூலையாகச் சேர்த்துக்கொள்வது இன்னொரு வழக்கமான தப்பு. அவை அச்சில் இருந்தாலும் ஏற்புடைய பகுதிக்கு வெளியே. முதலாவதுக்கு அடுப்பு நேரம் போதும், மாவு 36 கிலோ வேண்டும்.

பலர் இங்கே நோட்டை மூடிவிடுவார்கள். இன்னும் ஒரு படி போனால்தான் கணக்கு கடைக்குப் பயன்படும். இன்னொரு கிலோ மாவு கிடைத்தால் என்ன ஆகும்? 6தே + 5அ = 310 என்று மாற்றித் தீர்த்தால் தே = 41.25, அ = 12.5, லாபம் 4,550. ஆக, கூடுதல் மாவு ஒவ்வொரு கிலோவும் 50 ரூபாய் தருகிறது. இன்னொரு மணி நேரம் அடுப்பு எரிந்தால்? 2தே + 3அ = 126; தே = 33.75, அ = 19.5, லாபம் 4,650. ஒரு மணி நேரத்துக்கு 150 ரூபாய். கூடுதல் நேரம் வேலை பார்ப்பவருக்கு மணிக்கு 100 ரூபாய் கொடுத்தாலும் கட்டும், 200 கொடுத்தால் கட்டாது என்று கடைக்காரரிடம் நீங்கள் சொல்ல முடியும். இதற்கு நிழல் விலை என்று பெயர். அதற்கும் எல்லை உண்டு. மாவு 36 கிலோவைத் தாண்டினால் அடுப்பு நேரம் மறித்துவிடும். அதற்கு மேல் வாங்கும் மாவால் ஒரு ரூபாயும் கூடாது.

மூன்று பண்டம் ஆகிவிட்டால் வரைபடம் உதவாது. 1947-ல் ஜார்ஜ் டான்ட்ஸிக் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறைக்குப் போக வேண்டும். மூலையிலிருந்து மூலைக்கு லாபம் கூடும் திசையில் நகர்வதுதான் அதுவும். நீங்கள் வரைபடத்தில் செய்ததைப் பட்டியலில் செய்கிறது. விகிதம் பார்க்கும் படியில் நேர்ம எண்களால் மட்டும் வகுக்க வேண்டும் என்பதை மறந்தால் ஏற்புடைய பகுதிக்கு வெளியே போய்விடுவீர்கள்.

எண்ணுவது

கணங்களை விரைவில் முடித்துவிடலாம். வென் படத்தை எப்போதும் நடுவிலிருந்து நிரப்புங்கள். 100 மாணவரில் 60 பேர் பேருந்தில் வருவதுண்டு, 45 பேர் சைக்கிளில், 20 பேர் இரண்டிலும் என்றால், நடுவில் 20, பேருந்து மட்டும் 40, சைக்கிள் மட்டும் 25, இரண்டும் இல்லாதவர் 15. ‘மட்டும்’ என்ற சொல் வினாவில் இருக்கிறதா இல்லையா என்பதே முழுக் கணக்கும்.

வரிசை மாற்றமா சேர்மானமா என்ற குழப்பத்துக்கு, நகரத்தாருக்குரிய நகரக் கோயில்களை எடுத்துக்கொள்வோம். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என ஒன்பது. இன்று மூன்று கோயிலுக்குப் போகலாம் என்றால், எந்த மூன்று என்பது மட்டும் கேள்வியானால் விடை 84. எந்த வரிசையில் போவது என்பதும் சேர்ந்தால் 9 × 8 × 7 = 504. ஒரே மூன்று கோயிலை 6 வரிசையில் சுற்றலாம். 504-ஐ 6-ஆல் வகுத்தால் 84. சூத்திரத்தைத் தேடுவதற்கு முன், தேர்ந்தெடுத்த இரண்டை இடம் மாற்றிப் பாருங்கள். வேறு விடையாக எண்ணப்படுமா? ஆம் என்றால் வரிசை மாற்றம்.

இப்போது கொஞ்சம் கடினமானது. மூன்றில் இளையாற்றங்குடியோ பிள்ளையார்பட்டியோ குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மீதி 8-ல் 2 என்று போட்டால் 2 × 28 = 56. தப்பு. இரண்டு கோயிலுமே இருக்கும் 7 சேர்மானங்கள் இருமுறை எண்ணப்பட்டுவிட்டன. பாதுகாப்பான வழி, வேண்டாததை எண்ணிக் கழிப்பது: அந்த இரண்டும் இல்லாமல் 7-ல் 3 எடுக்க 35 வழி; 84 − 35 = 49. ‘குறைந்தது ஒன்று’ என்று கண்டதும் கழித்தல் முறையை முதலில் நினையுங்கள். நிகழ்தகவிலும் இதுவே.

நிகழ்தகவு: ‘எதில்’ என்ற கேள்வி

ஆத்தங்குடித் தரைக்கல் போடும் பட்டறை ஒன்றில் இரண்டு கொட்டகை. முதல் கொட்டகையில் 60 சதவீதக் கற்கள், இரண்டாவதில் 40. முதலாவதில் 2 சதவீதமும் இரண்டாவதில் 5 சதவீதமும் விரிசல் விடுகின்றன என்று வைப்போம். விரிசல் விட்ட ஒரு கல் கையில் இருக்கிறது. அது இரண்டாவது கொட்டகைக் கல்லாக இருக்க நிகழ்தகவு என்ன?

5 சதவீதம் என்று பலர் எழுதுகிறார்கள். அது இரண்டாவது கொட்டகைக் கற்களில் விரிசல் எவ்வளவு என்பது. கேட்டது, விரிசல் கற்களில் இரண்டாவது கொட்டகை எவ்வளவு. ‘எதில்’ மாறிவிட்டது. 1,000 கல் என்று வைத்து எண்ணுங்கள். முதல் கொட்டகை 600, விரிசல் 12. இரண்டாவது 400, விரிசல் 20. மொத்த விரிசல் 32. ஆகவே 20/32 = 0.625. தாமஸ் பேய்ஸின் கட்டுரை அவர் இறந்தபின் 1763-ல் வெளியானது. அவர் பெயரில் வழங்கும் தேற்றத்தைச் சூத்திரமாக மனப்பாடம் செய்வதைவிட, ஆயிரம் கல்லைக் கொட்டிப் பிரிப்பதாக நினைத்துப் பட்டியல் போடுவது எளிது. தேர்வில் பிறகு சூத்திர வடிவில் எழுதிக்கொள்ளலாம்.

‘ஒன்றையொன்று விலக்கும்’, ‘சார்பிலா’ (ஒன்று நடப்பது மற்றதன் நிகழ்தகவை மாற்றாத) இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். ஒரு கல் முதல் கொட்டகையிலும் இரண்டாவதிலும் ஒருசேர வந்திருக்க முடியாது. அவை ஒன்றையொன்று விலக்குபவை. ஒன்று நடந்தது தெரிந்தால் மற்றது நடக்கவில்லை என்று உறுதியாகிவிடுகிறது. அவ்வளவு இறுக்கமாகக் கட்டுப்பட்டவை சார்பிலா நிகழ்ச்சிகள் ஆக முடியாது.

மார்க்கோவ் சங்கிலி

இன்றைய நிலையை மட்டும் வைத்து நாளைய நிலைக்கு நிகழ்தகவு சொல்வதுதான் மார்க்கோவ் சங்கிலி. இரண்டு டீக்கடை என்று வைப்போம். முதல் கடையில் குடித்தவர்களில் 80 சதவீதம் பேர் மறுநாளும் அங்கேயே, 20 சதவீதம் பேர் இரண்டாவதுக்கு. இரண்டாவதில் குடித்தவர்களில் 30 சதவீதம் பேர் முதலாவதுக்கு, 70 சதவீதம் பேர் அங்கேயே. மாறுதல் நிகழ்தகவு அணி:

0.8  0.2
0.3  0.7

ஒவ்வொரு நிரையையும் கூட்டினால் 1 வர வேண்டும். வராவிட்டால் ‘இருந்து’, ‘க்கு’ இரண்டையும் இடம் மாற்றி எழுதிவிட்டீர்கள். இன்று பாதிப் பாதி என்றால் நாளை 0.55, 0.45; மறுநாள் 0.575, 0.425, அதற்கு மறுநாள் 0.5875, 0.4125. நகர்வு சுருங்கிக்கொண்டே வந்து 0.6, 0.4 என்ற இடத்தில் நிலைக்கும். அதை நேரடியாகக் காண, முதல் கடையின் பங்கை ப என்று வைத்து 0.8ப + 0.3(1 − ப) = ப என்று தீர்த்தால் 0.3 = 0.5ப, ப = 0.6. பங்கைக் குறிக்கும் நிரை அணி இடப்பக்கம், மாறுதல் அணி வலப்பக்கம் என்று பெருக்க வேண்டும். மாற்றிப் பெருக்கினால் 0.5, 0.5 எங்கும் நகராமல் அப்படியே நிற்கும்.

1913-ல் ரஷ்யக் கணித அறிஞர் ஆந்திரேய் மார்க்கோவ் தம் முறையை முதலில் பொருத்திப் பார்த்தது ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் செய்யுளில். 20,000 எழுத்துகளை உயிர், மெய் என்று எண்ணி, ஓர் எழுத்து உயிராக இருந்தால் அடுத்தது என்னவாக இருக்கும் என்று கணக்கிட்டார். உங்களுக்குப் பிடித்த தமிழ்ப் பத்தி ஒன்றை எடுத்து, 200 சொற்களில் உயிரெழுத்தில் தொடங்குவது, உயிர்மெய்யில் தொடங்குவது என்று குறித்து, எதையடுத்து எது வருகிறது என நான்கு கட்டத்தில் எண்ணி, ஒவ்வொரு கட்டத்தின் எண்ணையும் அதன் நிரையின் கூட்டலால் வகுத்துப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். நிரை கூட்டல் 1 வருகிறதா என்று பார்த்துவிட்டு நிலைத்த பங்கைக் கண்டுபிடித்து, நீங்கள் நேரடியாக எண்ணிய பங்கோடு ஒப்பிடுங்கள்.